2015-ல் அமெரிக்காவின் சவுத் கரோலினா பல்கலைக்கழக ஃபுட்பால் கோச் ஸ்டீவ் ஸ்பரியர் சீசன் நடுவில் பதவி விலகியது சரியா? வீரர்களைக் கைவிட்டதாக ஆகாதா?

விலகியது சரி, காலம்தான் தப்பு. அந்த அக்டோபரில் அல்ல, முந்தைய சீசன் முடிந்த கையோடு போயிருக்க வேண்டும்.

இது அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால், நம் ஊர் கால்பந்து இல்லை. ஸ்பரியர் 1966-ல் ஃப்ளோரிடா பல்கலைக்கழக வீரராக அந்த வருடத்தின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் டிராஃபி வாங்கினார், 1996-ல் அதே பல்கலைக்கழகத்துக்குக் கோச்சாகத் தேசியப் பட்டமும் வாங்கிக் கொடுத்தார். 2005-ல் சவுத் கரோலினாவுக்கு வந்தார். அந்த அணியின் ரசிகர்கள் அதுவரை பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. 2010-ல் முதலிடத்தில் இருந்த அலபாமாவை 35-21 என்று சாய்த்தார்கள், அப்புறம் 2011, 2012, 2013 மூன்று சீசனிலும் 11 வெற்றி, 2 தோல்விதான். ஜென்ம எதிரி கிளெம்சனைத் தொடர்ந்து ஐந்து வருடம் அடித்தார்கள். அவர் மேல் எனக்கு இருக்கும் மரியாதை அப்போது வந்தது, இன்றும் குறையவில்லை.

2014-ல் 7 வெற்றி, 6 தோல்வி என்று இறங்கியது. அவருக்கு 70 வயது நெருங்கிக்கொண்டிருந்தது, எவ்வளவு நாள் இருப்பீர்கள் என்று கேட்டவர்களிடம் இன்னும் இரண்டு மூன்று வருடம் என்று உள்ளதைச் சொல்லிவிட்டார். பிரச்சினை அங்கேதான் ஆரம்பித்தது. கல்லூரி கோச்சின் வேலையில் பாதி, பள்ளிக்கூடப் பையன்களின் வீட்டுக்குப் போய் அம்மா அப்பாவிடம் உட்கார்ந்து பேசி, உங்கள் பிள்ளையை என்னிடம் விடுங்கள் என்று கேட்பது. நாலு வருடம் படிக்கப் போகிற பையன், இரண்டு வருடத்தில் கிளம்பப் போகிறவரை நம்பி ஏன் வர வேண்டும்? போட்டிக் கல்லூரிகள் இதையே சொல்லி இழுக்க, வருவதாகச் சொல்லியிருந்த சிலர் மனம் மாறினார்கள். அவரும் தன் பேச்சை மாற்றி, இன்னும் பல வருடம் இருப்பேன் என்று சொல்ல வேண்டியதாயிற்று. வயதான கோச் உண்மையைச் சொன்னாலும் அணிக்கு நஷ்டம், சொல்லாவிட்டாலும் நஷ்டம். டிசம்பரில் மயாமியை 24-21 என்று ஜெயித்தார்களே, சீசன் முடிவில் நடக்கும் அந்த பௌல் ஆட்டத்தோடு விடைபெற்றிருந்தால் புதிய கோச்சுக்கு ஆள் சேர்க்க அவகாசமாவது கிடைத்திருக்கும்.

2015 அக்டோபரில் அணியின் சொந்த ஊரான கொலம்பியா நகரமே வெள்ளத்தில் தத்தளித்தது. சொந்த மைதானத்தில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தோடு (எல்எஸ்யூ) நடக்க வேண்டிய ஆட்டம் எதிரியின் ஊரான பேட்டன் ரூஜுக்கு மாறி, அங்கே 45-24 என்று தோற்றார்கள். சீசன் கணக்கு 2 வெற்றி, 4 தோல்வி. அதற்கு அடுத்த சில நாட்களில் அறிவித்துவிட்டார். ஓய்வு பெறவில்லை, ராஜினாமா செய்கிறேன் என்றார், நடந்தே தீரும் என்று தெரிந்த பிறகு தள்ளிப்போடக் கூடாது என்றும் சொன்னார். அதில் எனக்கு மறுப்பே இல்லை. மனம் விட்டுப்போன ஒருவர் சம்பளத்துக்காக இன்னும் ஆறு ஆட்டம் ஓரத்தில் நிற்பதால் பையன்களுக்கு என்ன லாபம்?

ஆனால் கைவிட்டதாகாதா என்று நீங்கள் கேட்பதும் நியாயம்தான். கோச் நினைத்த வாரத்தில் கிளம்பலாம், கடைசி வருடம் ஆடும் மாணவன் எங்கே போவான்? இடைக்கால கோச்சாக வந்த ஷான் எலியட் முதல் ஆட்டத்தில் வாண்டர்பில்ட்டை ஜெயித்தார், அதோடு சரி, பிறகு வரிசையாக ஐந்து தோல்வி. அதே மாநிலத்தின் சின்ன ராணுவக் கல்லூரியான சிட்டடலிடம்கூட 23-22 என்று தோற்றார்கள். சீசன் 3 வெற்றி, 9 தோல்வி என்று முடிந்தது.

எனக்கு ரொம்ப வலித்தது கடைசி ஆட்டம். அந்த சீசனில் தேசிய இறுதிப் போட்டி வரை போன, அதுவரை தோல்வியே காணாத கிளெம்சன் வந்து நின்றது. இழக்க எதுவும் மிச்சமில்லாத நிலையிலும் இந்தப் பையன்கள் கடைசி வரை விடாமல் மோதி 37-32 என்றுதான் தோற்றார்கள். ஸ்பரியரின் ராஜினாமாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த ஆட்டத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் பேச வேண்டும்.