காத்து ஏறுதா இறங்குதா?

கேள்வி: காலிமுகத்திடல்ல பட்டம் விடேக்க காத்து பக்கமா அடிக்கிறது விளங்குது, 10 கிலோமீற்றர் உயரத்தில அது ஏறுதா இறங்குதா எண்டு எப்பிடிப் பாக்கிறது? – வாசகி, வெள்ளவத்தை

பதில்: திருப்பதிக்குக் கிட்ட காதங்கியில 53 மெகாஹேர்ட்ஸ் ராடார் ஒண்டு இருக்கு தங்கச்சி, 1024 யாகி அன்டெனா (பழைய டீவி அன்டெனா மாதிரித்தான்), நேர மேல அலைய அனுப்பும், முகில் இல்லாட்டியும் காத்துக் கொந்தளிப்பில பட்டு துளியூண்டு எதிரொலி வரும், அதிண்ட அதிர்வெண் கூடினா காத்து இறங்குது, குறைஞ்சா ஏறுது. ஆனா கரைச்சல் என்னெண்டா, சாதாரண நாளில இந்த ஏறி இறங்குற வேகம் செக்கனுக்கு சில சென்ரிமீற்றர்தான். பக்கக் காத்து செக்கனுக்கு 20 மீற்றர் எண்டா, ராடார் அனுப்புற அலைக் கற்றை 1 பாகை சரிஞ்சாலே பக்கக் காத்தும் கலந்து 35 சென்ரிமீற்றர் பொய்க் கணக்கு! இடிமுகிலுக்குள்ள ஏறி இறங்குற வேகம் செக்கனுக்கு 10 மீற்றரையும் தாண்டும், பைலட்மார் சும்மாவா சுத்திப் போறாங்க?