மூளையின் காவல் கலங்களைப் பார்க்க ஸ்கேன் எடுக்க வேண்டுமா?

கேள்வி: என் தம்பிக்கு 23 வயது. ஸ்கிசோஃப்ரினியா என்று சொல்லி, திருகோணமலை ஆஸ்பத்திரி கிளினிக்கில் கொடுக்கும் ரிஸ்பெரிடோனை இரண்டு வருடமாக எடுக்கிறான். அம்மாவுக்கு பைபோலார், அவ லித்தியம் எடுக்கிறா. கனடாவில் இருக்கும் மாமா ஒரு வீடியோ அனுப்பினார். இந்த நோய்கள் எல்லாம் மூளை அழற்சிதானாம். மைக்ரோகிளியா என்ற கலங்கள் மூளையைத் தின்கின்றனவாம், மினோசைக்ளின் என்ற அன்டிபயோட்டிக் குடித்தால் சரியாகுமாம். மருந்தை அவரே அனுப்புகிறேன் என்கிறார். கொழும்புக்குக் கொண்டுபோய் ஸ்கேன் எடுக்கலாமா? வயலில் இறங்கும்போது பி.எச்.ஐ. தருகிற எலிக்காய்ச்சல் குளிசை மாதிரித்தானே, அதில் என்ன கெடுதல் என்று அப்பா கேட்கிறார்.
– ஒரு சகோதரி, தம்பலகாமம்

பதில்: ஸ்கேன் வேண்டாம். மினோசைக்ளினும் வேண்டாம். ரிஸ்பெரிடோனை ஒரு நாள்கூட விட வேண்டாம். மாமாவின் பார்சல் என் பதிலுக்கு முன்னரே வந்துவிடக்கூடும் என்பதால் இதை முதலில் சொல்லிவிட்டேன். இனிக் காரணத்துக்கு வருவோம்.

அந்த வீடியோ முழுப் பொய் இல்லை, சிக்கலே அதுதான். மைக்ரோகிளியாவை 1919-இல் ஸ்பெயின் நாட்டு பியோ டெல் ரியோ ஒர்ட்டேகா தனி வகைக் கலங்களாக அடையாளம் கண்டார். கரு வளரும் ஆரம்ப வாரங்களிலேயே மூளைக்குள் குடியேறி, வாழ்நாள் முழுக்க அங்கேயே இருக்கும் நிர்ப்பீடனக் கலங்கள் இவை. கிருமியை விழுங்கும், செத்த கலங்களை அகற்றும். பிள்ளைப் பருவத்தில் நரம்புக் கலங்களுக்கு இடையே அளவுக்கு மிஞ்சி உருவாகும் தொடுப்புகளில் வேண்டாதவற்றையும் குறைக்கும். "மூளையைத் தின்கின்றன" என்று பயமுறுத்துவது இந்த வேலையைத்தான். உங்களுக்கும் எனக்கும் அது நடந்திருக்கிறது, நடக்காவிட்டால்தான் பிரச்சினை.

ஸ்கிசோஃப்ரினியாவில் இந்த வேலை அளவு மீறிப் போகிறதா என்ற சந்தேகம் நியாயமானது. நோய் பெரும்பாலும் பதின்ம வயதின் கடைசியிலும் இருபதுகளிலும் தலைகாட்டுகிறது. தொடுப்புகள் குறைக்கப்படும் காலமும் ஏறக்குறைய அதுவே. எந்தத் தொடுப்பை அகற்றுவது என்று அடையாளம் வைக்க உதவும் சி4 என்ற புரதத்தின் மரபணுவில் சில வடிவங்கள் இந்நோய்க்கான வாய்ப்பைச் சற்றுக் கூட்டுகின்றன என்று 2016-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2019-இல் இன்னொரு ஆய்வு வந்தது. நோயாளிகளின் கலங்களிலிருந்து ஆய்வுகூடத்தில் உருவாக்கிய மைக்ரோகிளியா போன்ற கலங்கள் தொடுப்புகளைக் கூடுதலாக விழுங்கின, மினோசைக்ளின் சேர்த்ததும் அது குறைந்தது. வீடியோக்காரர் இந்த இடத்தோடு நிறுத்திவிட்டார் போல.

ஆய்வுகூடத் தட்டில் நடப்பது வேறு, ஆட்களில் நடப்பது வேறு. பிரித்தானியாவில், நோய் தொடங்கி 5 வருடத்துக்குள் இருந்த 207 பேரைச் சேர்த்து, ஒரு பகுதியினருக்கு மினோசைக்ளினும் மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் குளிசையும் 12 மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். 2018-இல் முடிவு வெளியானது: நோய்க்குறிகளில் இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் இல்லை. கவனியுங்கள், அங்கேகூட மினோசைக்ளினை வழமையான சிகிச்சையோடு சேர்த்துத்தான் கொடுத்தார்கள், அதற்குப் பதிலாக அல்ல. வழமையான மருந்தை விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 2012-இல் 65 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மருந்தைத் தொடர்ந்தவர்களில் ஒரு வருடத்துக்குள் நோய் திரும்பியது 100-க்கு 27 பேருக்கு. வெறும் குளிசைக்கு மாறியவர்களில் 64 பேருக்கு.

அப்பாவின் கேள்வியும் சரியான கேள்விதான். எலிக்காய்ச்சலுக்குத் தருவது டொக்சிசைக்ளின், மினோசைக்ளினும் அதே மருந்துக் குடும்பம்தான். ஆனால் அதை வயல் வேலைக் காலத்தில் கிழமைக்கு ஒரு தடவை எடுக்கிறீர்கள். மினோசைக்ளினை மாதக்கணக்கில் தினமும் எடுத்தால் தலைச்சுற்று வரலாம், தோல் கருநீலமாகலாம், ஈரல் பாதிக்கப்படலாம். சிலருக்கு மண்டைக்குள் அழுத்தம் கூடிப் பார்வையே மங்கலாம். பயனில்லாத ஒன்றுக்காக இதையெல்லாம் ஏன் வாங்க வேண்டும்?

ஸ்கேன் விஷயம். ஆய்வாளர்கள் பாவிப்பது பெட் ஸ்கேன். டிஎஸ்பிஓ என்ற புரதத்தில் ஒட்டும் மருந்தை ஊசியால் ஏற்றி, மூளையில் எங்கே எவ்வளவு ஒட்டுகிறது என்று பார்ப்பார்கள். மனச்சோர்வு உள்ளவர்களின் மூளையில் சில இடங்களில் இது ஏறத்தாழ 30 வீதம் கூடுதலாக இருப்பதாக 2015-இல் ரொறன்ரோவில் கண்டார்கள். ஸ்கிசோஃப்ரினியாவில் சில ஆய்வுகள் கூடுதல் என்றன. 2018-இல் பலவற்றின் தரவுகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது குறைவு என்று வந்தது. அந்தப் புரதம் மைக்ரோகிளியாவில் மட்டும் இருப்பதில்லை, இரத்தக் குழாய்ச் சுவரிலும் வேறு கலங்களிலும் இருக்கிறது. மனிதர்களில் அது காட்டுவது கலங்களின் நெருக்கத்தையே தவிர அவற்றின் மூர்க்கத்தை அல்ல என்ற கருத்தும் இப்போது வலுத்திருக்கிறது. கும்ப விழா இரவில் திருகோணமலைத் தெருக்களில் பொலிஸார் நிறைய நிற்பதைப் பார்த்துக் கலவரம் என்று சொல்லமுடியுமா? இந்த ஸ்கேன் ஒரு கூட்டத்தின் சராசரியைச் சொல்லும், உங்கள் தம்பியைப் பற்றி எதுவும் சொல்லாது. மகரகமையில் இருக்கும் பெட் ஸ்கேன் புற்றுநோயாளிகளுக்கானது. பஸ் காசு மிச்சம்.

ஆனால் உண்மையான மூளை அழற்சி ஒன்று இருக்கிறது, அதைத் தவறவிடக் கூடாது. உடலின் நிர்ப்பீடனமே மூளையைத் தாக்கும் இந்த வகை, முதலில் மனநோய் மாதிரியே தெரியும். நேற்றுவரை நன்றாக இருந்தவர் சில நாட்களில் அல்லது கிழமைகளில் மாறிப்போவது, கூடவே வலிப்பு, காய்ச்சல், வாய் கை கால்களில் விநோதமான அசைவு, நினைவு தடுமாறுவது, பேச்சு நின்றுபோவது. அப்படி யாருக்காவது கண்டால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். 1990-க்கு அடித்தால் அம்புலன்ஸ் வரும். ஸ்டெரொய்ட் போன்ற சிகிச்சையால் பலர் நன்றாகத் தேறுகிறார்கள். இரண்டு வருடமாக மருந்தோடு ஓரளவு நிதானமாக இருக்கும் ஒருவரின் கதை இப்படி இருப்பதில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்குப் பெரிய கவலை. அழற்சி என்ற சொல்லைக் கேட்டுவிட்டு, அழற்சி குறைக்கும் குளிசை என்று யாராவது அம்மாவுக்கு ஐபூபுரோஃபென், டைக்ளோஃபெனக் வாங்கிக் கொடுத்துவிடுவார்கள். அவை சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றுவதைக் குறைத்து, இரத்தத்தில் அதன் அளவை ஆபத்தான மட்டத்துக்கு ஏற்றிவிடக்கூடும். மூட்டுவலிக்கு ஃபார்மசியில் வாங்கும்போதும் இதே கதைதான். வலிக்கும் காய்ச்சலுக்கும் அவவுக்கு பரசிட்டமோல் போதும். வெயிலில் வேர்த்துக் கொட்டினாலும், வாந்தி, வயிற்றோட்டம் வந்தாலும் லித்தியம் ஏறும். தண்ணீர் குறையவிடாதீர்கள், உப்பைத் திடீரென்று நிறுத்தாதீர்கள். கை பெரிதாக நடுங்கினால், நடை தள்ளாடினால், பேச்சுக் குழறினால் அடுத்த குளிசையைக் கொடுக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அடுத்த கிளினிக்கில் அம்மாவுக்குக் கடைசியாக லித்தியம் அளவு பார்த்தது எப்போது என்று டொக்டரிடம் கேளுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் என்றால் சிறுநீரகம், தைரொய்ட் பரிசோதனைகளோடு சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். இரத்தம் எடுப்பது கடைசிக் குளிசை போட்டு 12 மணித்தியாலம் கழித்து. அன்று காலைக் குளிசை இருந்தால் இரத்தம் கொடுத்த பிறகு போடட்டும்.