மார்கழிக் குளிரும் வீட்டு வழக்கமும்: வாசகர் கேள்வி – பதில்

மார்கழி பிறந்துவிட்டால் எங்களுக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் அடுப்படியையும் வாசலையும் பற்றியே இருக்கும். டிசம்பர் நடுவில் தொடங்கி தைப் பொங்கல் வரை குடும்பங்களில் எழும் சந்தேகங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

ஐப்பசி வரை இரவு அரைத்து வைத்த இட்லி மாவு காலையில் பொங்கி நின்றது. இப்போது அரைத்தபடியே கிடக்கிறது. சோடா உப்பு சேர்க்கலாமா?
– வாசகி, ஓசூர்

சோடா உப்பு வேண்டாம். இட்லி உப்பும், ஆனால் புளிப்பின் ருசி வராது. உளுந்திலும் அரிசியிலும் இருக்கும் நுண்ணுயிர்கள்தான் மாவைப் பொங்க வைக்கின்றன. அவற்றுக்கு 28 முதல் 32 டிகிரி வரை சூடு இருந்தால் எட்டு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். ஓசூரின் மார்கழி இரவில் அதே வேலைக்கு 14 மணி நேரம்கூடப் பிடிக்கும். அதனால் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அரைக்கும் வழக்கத்தை இந்த மாதத்துக்கு மட்டும் மாற்றி, மாலை நான்கு மணிக்கே அரைத்து முடியுங்கள்.

4 டம்ளர் இட்லி அரிசிக்கு 1 டம்ளர் முழு உளுந்து, 1 தேக்கரண்டி வெந்தயம். கிரைண்டரில் சூடேறாமல் இருக்கக் கோடையில் ஐஸ் தண்ணீர் ஊற்றுவோம். இப்போது அதை விட்டுவிட்டு, உளுந்து ஊறிய தண்ணீரையே லேசாக வெதுவெதுப்பாக்கி ஊற்றி அரைக்கலாம். இந்த அளவுக்கு ஒன்றரை மேசைக்கரண்டி கல் உப்பு போதும். உப்பு கூடினால் புளிப்பது இன்னும் தாமதமாகும். பழைய மாவு ஒரு கரண்டி இருந்தால் சேர்த்து, கையாலேயே நன்றாகக் கலந்து, பாதிப் பாத்திரம் காலியாக இருக்கும்படி ஊற்றுங்கள். கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் உள்ள அகலமான அண்டாவுக்குள் மாவுப் பாத்திரத்தை இறக்கி, மேலே தடித்த துண்டு போர்த்தி வையுங்கள். அடுப்பின் மேல் வைத்துச் சூடுகாட்டக் கூடாது, அடிமாவு வெந்துபோகும்.

ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள். மாவு புளிக்கவும் இல்லை, பொங்கவும் இல்லை என்றால் குளிர்தான் காரணம், இன்னும் நேரம் கொடுங்கள். புளித்திருக்கிறது, ஆனால் பொங்கவில்லை என்றால் உளுந்து சரியாக அரைபடவில்லை, அல்லது மாவு நீர்த்துவிட்டது. அப்போது எத்தனை மணி நேரம் காத்திருந்தாலும் பொங்காது. அந்த மாவைத் தோசைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தயிர் தோயாமல் நூல் நூலாக வருகிறது.
– வாசகர், தர்மபுரி

பால் ஆறிப்போன பிறகு உறை ஊற்றுகிறீர்கள், உறைமோரும் பழையதாக இருக்கும். பாலில் விரலை விட்டுப் பத்து எண்ணும் வரை சுகமாக வைத்திருக்க முடிய வேண்டும். அது ஏறத்தாழ 40 டிகிரி. கோடையில் அரை லிட்டர் பாலுக்கு 1 தேக்கரண்டி உறை போதும். இப்போது 1 மேசைக்கரண்டி வேண்டும். புதுத் தயிரைக் கட்டியில்லாமல் அடித்துக் கலந்து ஹாட் பாக்கில் மூடி வையுங்கள். தோய்கிறதா என்று நடுவில் அசைத்துப் பார்க்க வேண்டாம்.

திருமணமாகி முதல் மார்கழி. வாசலில் பெரிய புள்ளிக் கோலம் போட ஆசை. ஆனால் பாதி வைப்பதற்குள் புள்ளிகள் கோணிவிடுகின்றன. மாவும் விரலில் ஒட்டிக்கொள்கிறது. அத்தை போட்டால் மட்டும் எப்படி நேராக வருகிறது?
– வாசகி, கோவை

நீங்கள் ஓரத்து வரிசையிலிருந்து தொடங்குகிறீர்கள் என்று நினைக்கிறோம். நடு வரிசைதான் முதலில். அதை நேராக வைத்துவிட்டால் மேலும் கீழும் மற்ற வரிசைகள் தாமாக அடங்கும்.

கோலப் புத்தகத்தில் '15 முதல் 1 வரை, நேர்ப்புள்ளி' என்று போட்டிருந்தால் நடுவில் 15 புள்ளி. அடுத்த வரிசையில் இரு முனையிலும் ஒவ்வொன்றை விட்டு 13, பிறகு 11, 9 என்று ஒன்று வரை இறங்கும். மேலேயும் அப்படியே. மொத்தம் 113 புள்ளி. '15 முதல் 8 வரை, ஊடுபுள்ளி' என்றால் கணக்கே வேறு. நடுவில் 15, அடுத்த வரிசையில் இரண்டு புள்ளிகளின் இடைவெளிக்கு நேராக 14, பிறகு 13 என்று 8 வரை. மொத்தம் 169. வைத்து முடித்ததும் மூலைவிட்டமாக ஒருமுறை பார்வையை ஓட்டுங்கள். கோணல் இருந்தால் குறுக்கே பார்ப்பதைவிட மூலைவிட்டத்தில் பார்க்கும்போதுதான் சட்டென்று தெரியும். இழுக்கத் தொடங்கிய பிறகு கண்டுபிடித்தால் அழிப்பதைத் தவிர வழியில்லை.

வாசலின் அளவையும் முதலிலேயே பாருங்கள். புள்ளிக்குப் புள்ளி 3 அங்குலம் விட்டால் 15 புள்ளிக் கோலம் மூன்றரை அடி அகலம் வரும். இதைக் கணக்கிடாமல் போட்டுவிட்டுக் கடைசி வரிசைகளை நெருக்குவதால்தான் பல கோலங்கள் ஒருபக்கம் சுருங்கிவிடுகின்றன.

மாவு ஒட்டுவதற்குக் காரணம் பனி. தெளித்த தண்ணீர் தரையில் இழுத்துக்கொள்ளும் வரை கொஞ்சம் பொறுங்கள். தரை ஈரமாக இருக்கலாம், தண்ணீர் தேங்கி நிற்கக் கூடாது. கோலமாவு டப்பாவை இரவில் திண்ணையில் விடாமல் அடுப்படியில் வையுங்கள். அரிசி மாவாக இருந்தால் பச்சரிசியைக் கழுவி, நிழலில் உலர்த்தி, ரவையும் மாவும் கலந்த பதத்தில் அரைக்க வேண்டும். நைசாக அரைத்தால் பனியில் குழைந்துவிடும். கடையில் 'கோலமாவு' என்று கிடைப்பது பெரும்பாலும் வெள்ளைக்கல் பொடி. இழை அழகாக விழும், எறும்புக்கு உணவாகாது. எறும்புக்கும் குருவிக்கும் என்று நினைத்துப் போடுகிறவர்கள் அரிசி மாவையே வைத்துக்கொள்ளுங்கள். இந்த வழக்கத்தின் அழகே அதில்தான் இருக்கிறது.

மண் வாசலுக்குச் சாணம் தெளித்தால் புழுதி படியும். சிமென்ட் தரையில் அது வழுக்கும். விடியற்காலை இருட்டில் பெரியவர்கள் நடமாடும் இடத்தில் வெறும் தண்ணீரே போதும்.

கோலத்தின் நடுவே வைக்கும் பூசணிப்பூவைப் பறித்தால் காய் குறையாதா? பிறகு அந்தச் சாணி உருண்டையை என்ன செய்வது?
– வாசகி, தூத்துக்குடி

ஆண் பூவை மட்டும் பறியுங்கள். மெல்லிய நீண்ட காம்போடு நிற்பது ஆண் பூ. பூவுக்குக் கீழே குட்டிக் காய் தெரிந்தால் பெண் பூ, அதைத் தொட வேண்டாம். மகரந்தத்துக்காகக் கொடியில் சில ஆண் பூக்களையும் விட்டுவையுங்கள். உருண்டைகளை உங்கள் பக்கத்தில் அன்றன்றைக்கே வரட்டியாகத் தட்டிக் காயவைத்து, தை பிறந்ததும் சிறுவீட்டுப் பொங்கலன்று பெண் பிள்ளைகள் ஆற்றிலோ குளத்திலோ விடுவது வழக்கம். மாதம் முழுவதும் சேர்ப்பதால் பூஞ்சை பிடிக்கும். வெயிலில் இருபுறமும் திருப்பிக் காயவைத்த பிறகே அடுக்குங்கள்.

தேங்காய் எண்ணெய் உறைந்துவிட்டது. கலப்படமா?
– வாசகர், கொடைக்கானல்

இல்லை. ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறைவது அதன் இயல்பு. வாய் அகன்ற பாத்திரத்தில் வைத்துக்கொண்டு, தேவையானதை மட்டும் ஸ்பூனால் எடுத்து உருக்குங்கள்.

திருவாதிரைக் களி ஒவ்வொரு வருஷமும் நறுக்கு நறுக்கென்று இருக்கிறது. மாமியார் சொன்ன அளவில்தான் செய்கிறேன்.
– வாசகி, தஞ்சாவூர்

அளவில் பிழை இருக்காது, வெல்லம் சேர்க்கும் நேரத்தைப் பாருங்கள். கொதிக்கும் வெல்லத் தண்ணீரில் ரவையைக் கொட்டுவதுதான் பல வீடுகளில் வழக்கம். ரவை நன்றாக வறுபட்டு, சன்னமாக உடைந்திருந்தால் அது வெந்துவிடும். ரவை பெரிதாக இருந்தால், இனிப்பு தண்ணீரைத் தன்னிடம் பிடித்துக்கொள்வதால் அரிசிக்குள் ஈரம் இறங்காது. வெளியே குழைந்தும் உள்ளே நறுக்கென்றும் நிற்கும்.

1 கப் பச்சரிசியைப் பொன்னிறமாக, வாசனை எழும் வரை நிதானமாக வறுத்து ரவையாக உடையுங்கள். 2 மேசைக்கரண்டி பாசிப்பருப்பை வறுத்து, இரண்டரை கப் கொதிநீரில் அரைப்பதமாக வேகவிட்டு, அதில் ரவையைத் தூவிக் கிளறி, மூடி, சிறு தீயில் முழுமையாக வேகவையுங்கள். ஒன்றேகால் கப் வெல்லத்தை அரை கப் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, கொதிக்கவைத்து, அதன் பிறகே ஊற்றுங்கள். அரை கப் தேங்காய்த் துருவல், 4 மேசைக்கரண்டி நெய், ஏலக்காய். கடைசியில் பாத்திரத்தின் அடியில் தோசைக்கல்லை வைத்துப் பத்து நிமிடம் புழுங்கவிட்டால் பொலபொலவென்று வரும். ஏற்கெனவே நறுக்கென்று ஆகிவிட்ட களிக்கு, அரை கப் சூடான தண்ணீர் தெளித்து இட்லிப் பானையில் ஆவி காட்டுங்கள், பெரும்பாலும் தேறிவிடும்.

கூடவே செய்யும் ஏழுகறிக் கூட்டில் சேனையும் மொச்சையும் முதலில் வேக வேண்டும். பூசணி, பரங்கி கடைசியில். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் பரங்கி கரைந்து கூட்டே இனித்துவிடும்.

கூடாரவல்லிக்கு அக்காரவடிசல் செய்தால் பால் திரிந்துவிடுகிறது.
– வாசகி, ஸ்ரீவில்லிபுத்தூர்

திருப்பாவையின் 27-ஆம் பாசுரம் பாடும் நாள் என்பதால் பாலும் நெய்யும் தாராளமாக விழும் பிரசாதம் இது. திரிவதற்குக் காரணம் வெல்லத்தில் இருக்கும் புளிப்புத் தன்மை. சூடு அதிகமாக இருக்கும்போது பாலும் வெல்லமும் சந்தித்தால் உடனே திரியும். ஆகவே வெல்லம் சேர்த்த பிறகு கொதிக்கவிடக் கூடாது, அவ்வளவுதான் சூட்சுமம்.

அரை கப் பச்சரிசி, 2 மேசைக்கரண்டி பாசிப்பருப்பு இரண்டையும் ஒரு ஸ்பூன் நெய்யில் வறுத்து, 1 கப் தண்ணீர், 2 கப் பாலோடு குக்கரில் சிறு தீயில் குழைய வேகவையுங்கள். பால் பொங்கி விசில் துவாரத்தை அடைக்காமல் இருக்க, குக்கருக்குள் தனிப் பாத்திரத்தில் வைப்பது நல்லது. வெண்கலப் பானையில் வேகவைத்தால் ருசி கூடும், ஆனால் முக்கால் மணி நேரமாவது பக்கத்திலேயே நின்று கிளற வேண்டும். மசித்தபின் இன்னும் 3 கப் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிச் சுண்டவிடுங்கள். ஒன்றரை கப் வெல்லத்தைக் கால் கப் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, பச்சை வாசனை போகக் கொதிக்கவைத்து ஆறவிடுங்கள். அரிசிப் பாத்திரத்தையும் இறக்கி ஐந்து நிமிடம் விட்டு, இரண்டையும் கலந்து, அரை கப் உருக்கிய நெய் ஊற்றுங்கள். பச்சைக் கற்பூரம் ஒரு மிளகில் பாதி அளவுக்கு மேல் போனால் கசக்கும். சமையலுக்கென்று விற்பதையே வாங்குங்கள். பூஜைக்கு ஏற்றும் சூடம் வேறு, அதை உணவில் சேர்க்கக் கூடாது.

பொங்கல் விடுமுறைக்குக் குழந்தைகளோடு ஊட்டி போகிறோம். இரவில் குளிர் தாங்காவிட்டால் அறைக்குள் கரி அடுப்பு வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதுமா?
– வாசகர், திருச்சி

போதாது. தயவுசெய்து வைக்காதீர்கள். கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வருகிறது. அதற்கு நிறமில்லை, வாசனையில்லை, கண்ணும் எரியாது. ரத்தத்தில் ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக அது ஒட்டிக்கொள்வதால், தூங்குகிறவர் தூக்கத்திலேயே மயங்கிவிடுவார். இரவு வெளியே கறி சுட்ட அடுப்பை, 'புகை அடங்கிவிட்டதே' என்று உள்ளே கொண்டுவந்து வைத்துப் படுத்தவர்கள் இறந்த செய்திகள் நம் மலை ஊர்களிலிருந்தே வந்திருக்கின்றன. புகை அடங்கிச் சாம்பல் பூத்த கரியிலிருந்தும் இந்த வாயு வந்துகொண்டுதான் இருக்கும்.

ஊட்டியில் ஜனவரி இரவுகளில் உறைபனி விழும். குழந்தைகளுக்குத் தடித்த ஸ்வெட்டர் ஒன்றைவிட, மெல்லிய பருத்திச் சட்டையின் மேல் இரண்டு உடைகள் நன்றாகச் சூடு தரும். கால் உறை, காதை மூடும் குல்லா கட்டாயம். படுப்பதற்கு அரை மணி முன்பே சுடுநீர்ப் பையைப் போர்வைக்குள் வையுங்கள். விடுதியில் மின்சார ஹீட்டர் கேளுங்கள். அதைச் சுவர் பிளக்கிலேயே நேராகச் சொருகி, போர்வை, திரைச்சீலையிலிருந்து மூன்றடி தள்ளி வைக்க வேண்டும். கேஸ் கீசர் உள்ள குளியலறையில் காற்று போக வழி இருக்கிறதா என்றும் பாருங்கள், ஆபத்து ஒன்றேதான். அறையில் ஒருவருக்கு மேல் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் என்றால் குளிர் என்று நினைத்து இன்னும் இறுக்கிப் போர்த்தாதீர்கள். எல்லோரும் உடனே வெளியே வந்து 108-ஐ அழையுங்கள்.

போகிக்கு என்னதான் எரிக்கலாம்? பிள்ளைகள் ஒன்றும் வேண்டாம் என்கிறார்கள். அப்பா, 'வழக்கத்தை விடக் கூடாது' என்கிறார்.
– வாசகி, சென்னை

இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. கிழிந்த கோரைப்பாய், தேய்ந்த தென்னந்துடைப்பம், வைக்கோல் ஆகியவற்றில் ஒரு பிடி போதும். டயர், பிளாஸ்டிக், ரெக்சின், ஃபிளெக்ஸ் எதுவும் கூடாது. பாலியஸ்டர் கலந்த பழைய துணியும் பிளாஸ்டிக்தான். குளிர்காலத்து விடியலில் தரையை ஒட்டிய காற்று மேலே உள்ளதைவிடக் குளிர்ந்து, அசையாமல் கிடக்கும். அதனால் புகை மேலே போகாமல் தெருவிலேயே பனியோடு சேர்ந்து நிற்கிறது. ஆஸ்துமா உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் எரிப்பதை விட்டுவிட்டு, கொங்குப் பக்கத்துக் காப்புக்கட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வேப்பிலை, ஆவாரம்பூ, சிறுபீளை மூன்றையும் சேர்த்துக் கட்டி வாசல் நிலையில் செருகுவார்கள். அப்பாவின் கையாலேயே கட்டச் சொல்லுங்கள்.

போன வருஷம் புதுப்பானை அடுப்பிலேயே விரிசல் விட்டது. அபசகுனம் என்று வீட்டில் எல்லோருக்கும் மனக்கஷ்டம்.
– வாசகி, விழுப்புரம்

சகுனத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. காய்ந்த மண்பானையை நேராகத் தீயில் ஏற்றினால் ஓர் இடம் சூடேறி மற்ற இடம் குளிர்ந்திருக்கும், அதனால்தான் விரிசல். பானையைப் பொங்கலுக்கு மூன்று நாள் முன்பே வாங்கி, விரலால் சுண்டிப் பாருங்கள். கணீரென்ற ஓசை வர வேண்டும். மந்தமாக ஒலித்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கும். ஒரு பகல் ஓர் இரவு முழுவதும் தண்ணீரில் மூழ்க வைத்து, நிழலில் உலர்த்தி, அரிசி களைந்த தண்ணீரை ஊற்றிச் சிறு தீயில் ஒருமுறை கொதிக்கவைத்துத் தானாக ஆறவிடுங்கள்.

பொங்கலன்று அரிசிக்கு ஐந்து பங்கு பாலும் தண்ணீருமாக, பானையில் முக்கால் அளவுக்கு ஊற்றியே அடுப்பில் ஏற்றுங்கள். பொங்கி வழிந்ததும் இரண்டு செம்பு மொண்டு வைத்துவிட்டு அரிசியும் கால் பங்கு பாசிப்பருப்பும் போடுங்கள். பிறகு தண்ணீர் தேவைப்பட்டால் மொண்டு வைத்ததையே சூடாக்கி ஊற்றுங்கள். சூடான பானையில் பச்சைத் தண்ணீர் ஊற்றினாலும் விரிசல் விடும். அரிசி விரலில் மசிந்த பிறகுதான் வெல்லம். இறக்கும்போது பானையை ஈரத் தரையில் வைக்காமல் வைக்கோல் பிரிமணையில் வையுங்கள்.