மோட்டார் நின்றுவிட்டது, ஓடை ஏன் திரும்பவில்லை?

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு வாசகி எழுதுகிறார்: "சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊர். அப்பா சிறுவனாக இருந்தபோது ஓடையில் பங்குனி வரை தண்ணீர் ஓடுமாம், ஓரத்துச் சதுப்பில் கோரை மண்டிக் கிடக்குமாம். ஆழ்துளைக் கிணறுகள் வந்தபின் எல்லாம் வறண்டுவிட்டது. இப்போது விவசாயம் குறைந்து பாதி மோட்டார்கள் ஓடுவதில்லை. ஆனாலும் ஓடை திரும்பவில்லை. இங்குள்ள சொந்தக்காரர்கள் பணம் சேர்த்திருக்கிறோம். ஜேசிபி விட்டு ஆழப்படுத்தலாம் என்கிறார் பெரியப்பா. செய்யலாமா?"

வேண்டாம். பெரியப்பாவை ஒரு வருடம் பொறுக்கச் சொல்லுங்கள்.

மழை விட்டு மூன்று மாதம் கழித்தும் ஓடை ஓடியதென்றால், அது கரைக்கு அடியிலிருந்து கசிந்து வந்த தண்ணீர். சுற்றுநிலத்தின் நீர்மட்டம் ஓடைத் தரையைவிடக் கொஞ்சம் உயரமாக இருந்தாலே போதும், ஊற்று எடுக்கும். அந்த மட்டம் ஓடைத் தரைக்குக் கீழே போய்விட்டால் எல்லாம் தலைகீழ்: ஓடையில் வரும் தண்ணீரை மண் குடித்துவிடும். மோட்டார்கள் செய்தது இதைத்தான். அவை நின்றாலும் புதிதாக இறங்கும் மழைநீர் முதலில் காலியான இடத்தைத்தான் நிரப்பும். ஓடையின் முறை கடைசியில்தான் வரும், அதற்கு வருடங்கள் ஆகலாம். மீதிப் பாதி மோட்டார்கள் இன்னும் இறைத்துக்கொண்டிருந்தால் வராமலே போகலாம்.

இந்த நிலையில் ஆழமாகத் தோண்டினால், சதுப்பில் தண்ணீரைத் தாங்கி நிற்கும் களிமண் படுகை கிழிந்துவிடும். ஆழமான பள்ளம் பக்கத்து நிலத்தில் மிச்சமிருக்கும் ஈரத்தையும் வடித்துவிடும்.

பீஷான் பூங்காவில் காலாங் ஆற்றைப் பார்த்திருப்பீர்கள். 2.7 கிலோமீட்டர் நீளக் கான்கிரீட் கால்வாயை எடுத்துவிட்டு, 2012இல் வளைந்து நெளிந்து ஓடும் ஆறாக்கினார்கள். நீர்நாய்கள் குட்டிகளோடு வந்து குடியேறின. எனக்கும் பிடித்த இடம்தான். ஆனால் அங்கே தண்ணீர் இருந்தது, படுகையைத்தான் மாற்றினார்கள். உங்கள் ஊரிலோ தண்ணீரே போய்விட்டது. நீங்கள் நினைத்துப் பார்க்கவேண்டியது உங்கள் பக்கத்திலிருக்கும் நீ சூன் சதுப்புக்காட்டை. நீர்மட்டம் தரையை ஒட்டி நிற்பதால்தான் அந்தக் காடும், வேறெங்கும் இல்லாத ஒரு நன்னீர் நண்டும் அங்கே உயிரோடு இருக்கின்றன.

சரி, ஒரு வருடம் என்ன செய்வது? அளக்கவேண்டும். ஓடைக்கு அருகில் பழைய கிணறுகள் இரண்டு மூன்று இருக்கும். வாரம் ஒருமுறை, கல் கட்டிய கயிற்றை இறக்கி, விளிம்பிலிருந்து தண்ணீர் எவ்வளவு கீழே என்று ஒரு நோட்டில் குறிக்கட்டும். பக்கத்து மோட்டார் ஓடாத விடிகாலையில் அளப்பது நல்லது. கொத்தனார் வைத்திருக்கும் டியூப் மட்டத்தால் கிணற்று விளிம்புக்கும் ஓடைத் தரைக்கும் உள்ள உயர வித்தியாசத்தை ஒரே ஒருமுறை எடுத்தால் போதும். மார்கழியில், மழைக்குப் பிறகும், கிணற்று மட்டம் ஓடைத் தரைக்கு நாலைந்து மீட்டர் கீழே நின்றால், ஓடையில் செலவழிக்கும் ஒவ்வொரு வெள்ளியும் மண்ணுக்குள் போகும். அப்போது பேசவேண்டியது இன்னும் இறைப்பவர்களிடம்: சொட்டுநீர், பயிர் மாற்றம், ஓடையை ஒட்டிய மோட்டாருக்குத் தள்ளி வேறு இடம். அரை மீட்டருக்குள் ஏறி வந்தால் நம்பிக்கை உண்டு. அரித்து ஆழமான இடங்களில் கல்லும் மண்ணும் போட்டுத் தரையை உயர்த்துங்கள். கோரை தானாக வரும்.

வெளியிலிருந்து தண்ணீர் விட்டு நிரப்பலாமே என்று தோன்றலாம். கலிஃபோர்னியாவின் ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் 1970 முதல் நிலத்தடி நீரை ஏராளமாக இறைத்தது, ஊற்றுகள் வறண்டன. அந்தச் சேதத்துக்கு ஈடாக, 1913 முதல் வறண்டு கிடந்த கீழ் ஓவன்ஸ் ஆற்றில் 2006 டிசம்பரில் தண்ணீர் திறந்தார்கள், சுமார் 100 கிலோமீட்டருக்கு. பறவைகளும் மீன்களும் திரும்பின. ஆனால் வருடம் முழுக்க ஏறக்குறைய ஒரே அளவில் ஓடியதால் சம்புப் புல் மண்டி ஆற்றை அடைத்தது, எதிர்பார்த்த அளவு மரங்கள் முளைக்கவில்லை. ஓடைக்கு வெள்ளமும் வேண்டும், வற்றும் காலமும் வேண்டும்.

சேர்த்த பணத்தில் இப்போதே செய்யக்கூடியது, வரத்து வாய்க்காலில் உள்ள சீமைக் கருவேலத்தை வேரோடு எடுப்பது. வெட்டினால் மறுபடி தழைக்கும். அப்புறம், கைவிட்ட ஆழ்துளைக் கிணறுகள் திறந்து கிடந்தால் எல்லாவற்றுக்கும் முன்னால் அவற்றை மூடுங்கள். ஓடைத் தண்ணீரை அதற்குள் திருப்பிவிடவும் வேண்டாம். சேறும் அழுக்கும் நேராகக் குடிநீரில் கலக்கும். குழந்தைகள் விளையாடும் ஊர், இந்த வாரமே பெரியப்பாவிடம் சொல்லிவிடுங்கள்.