பட்டறைக் கேள்வி பதில்: போல்ட் போட்ட வளையமெல்லாம் பீட்லாக் இல்லை

கேள்வி: என் மஹிந்திரா தார் ஜீப்புக்கு ‘பீட்லாக் அலாய்’ (டயர் கழலாமல் போல்ட் போட்டுப் பிடிக்கும் வீல்) என்று சொல்லி நான்கு வீல் விற்றார்கள். சுற்றிலும் போல்ட் வைத்த வளையம் இருக்கிறது. அதை நம்பி, தோட்டத்துச் சேற்றில் காற்றை 8 பிஎஸ்ஐ வரை இறக்கி ஓட்டினேன். ஒரு திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிட்டது. ஏன்? (வாசகர், பொள்ளாச்சி)

பதில்: நீங்கள் வாங்கியது அநேகமாக அலங்கார வளையம். சந்தையில் இப்போது இதுதான் அதிகம். ஒன்று பாருங்கள். அசல் பீட்லாக்கில் டயரின் வெளிப்பக்க விளிம்பு, அதாவது பீடு, வளையத்துக்கும் வீலுக்கும் நடுவே மாட்டியிருக்கும். வளையத்தின் ஓரத்தை ஒட்டியே ரப்பர் உள்ளே போவது கண்ணுக்குத் தெரியும். போலியில் டயர் வழக்கமான ரிம் விளிம்பில்தான் உட்கார்ந்திருக்கும். வளையம் அதற்கு உள்ளே, வீலின் முகத்தில் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த போல்ட்டுகள் எதையும் பிடிக்கவில்லை.

சாதாரண வீலில் பீடை ரிம்மோடு அழுத்தி வைப்பது உள்ளே இருக்கும் காற்றுதான். 30 பிஎஸ்ஐ இருந்தால் நகராது. 8-க்கு இறக்கிவிட்டு ஸ்டியரிங்கை ஒடித்தால் பக்கவாட்டு இழுப்பில் கழன்றுகொள்ளும். அசல் பீட்லாக்கில் அந்த வேலையைப் போல்ட்டுகள் செய்கின்றன. அதுவும் பெரும்பாலான வீல்களில் வெளிப்பக்கம் மட்டும்தான். உள்பக்க பீடு அப்போதும் காற்றையும் ரிம்மில் உள்ள மேட்டையும் நம்பித்தான் நிற்கிறது. இதை விற்பவர் யாரும் சொல்வதில்லை.

இப்போதிருக்கும் வீலோடு 15-க்குக் கீழே இறக்காதீர்கள். தோட்டத்துச் சேற்றுக்கு அதுவே போதும்.

கேள்வி: ஷார்ஜாவில் இருக்கிறேன். வெள்ளிதோறும் பிக் ரெட் மணல்மேட்டுக்குப் போவோம். ஜீப் ரேங்லருக்கு 17 அங்குல அசல் பீட்லாக் வாங்கினேன். டயர் கடையில் கன் (போல்ட் முறுக்கும் மெஷின்) வைத்து முறுக்கினார்கள். இரண்டு போல்ட் முறிந்தது, காற்றும் மெல்ல இறங்குகிறது. நானே பிரித்து மாட்டலாமா? (வாசகர், ஷார்ஜா)

பதில்: தாராளமாக. கடைக்காரரைவிட நீங்கள் பொறுமையாகச் செய்வீர்கள். ஆனால் பிரிப்பதற்கு முன் வால்வு பின்னைக் கழற்றிக் காற்று முழுவதையும் விடுங்கள். உள்ளே காற்று இருக்கும்போது ஒரு போல்ட்டைக்கூடத் தொடக் கூடாது. டயர் அந்த வளையத்தை டன் கணக்கில் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். கடைசிச் சில போல்ட்டுகள் தாங்காமல் தெறித்தால் முகம் போய்விடும்.

மாட்டும்போது வீலின் முகம் மேலே பார்க்கட்டும். உள்பக்க பீடுக்கு மட்டும் சோப்புத் தண்ணீர். வளையம் கவ்வும் பீடைத் துடைத்து உலர்வாக வையுங்கள். டயர் நட்டநடுவில் உட்கார்ந்திருக்கிறதா என்று சுற்றிலும் விரலால் தடவிப் பாருங்கள். வேலையில் முக்கால்வாசி இதுதான். நடு தவறினால் ஒரு பக்கம் ரப்பர் நசுங்கும், மறுபக்கம் பிடிப்பே இருக்காது, காற்று அந்த வழியாகத்தான் இறங்கும். உங்கள் வண்டியிலும் அதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அப்புறம் போல்ட். எல்லாவற்றையும் முதலில் கையால் நாலைந்து மரை ஏற்றுங்கள். கையால் ஏறவில்லை என்றால் கோணலாகப் போகிறது என்று அர்த்தம், வெளியே எடுத்துவிடுங்கள். பிறகு எதிரெதிராக, நட்சத்திர வரிசையில், கொஞ்சம் கொஞ்சமாக நாலைந்து சுற்றில் இறுக்க வேண்டும். 5/16, 3/8 அங்குல போல்ட்டுகளுக்குப் பொதுவாக 20 முதல் 27 நியூட்டன் மீட்டர்தான் சொல்வார்கள். உங்கள் வீல் கம்பெனி கொடுத்த அளவே கடைசி வார்த்தை. மரைக்கு ஆன்டி-சீஸ் (போல்ட் பிடித்துக்கொள்ளாமல் தடுக்கும் பசை) பூசச் சொல்லியிருந்தால் பூசுங்கள், சொல்லாமல் பூசினால் அதே அளவில் போல்ட் அதிகமாக இழுபடும். வீல் நட்டுக்கு வைத்திருக்கும் பெரிய டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து முறுக்கும் ஸ்பேனர்) இதற்கு உதவாது. சிறியது ஒன்று வாங்குங்கள். கன் வேண்டவே வேண்டாம்.

முடிந்ததும் வளையத்துக்கும் வீலுக்கும் உள்ள இடைவெளி சுற்றிலும் ஒரே அளவா என்று பாருங்கள். காற்றடித்து உள்பக்க பீடு உட்கார்ந்த பிறகு எல்லா போல்ட்டையும் மறுபடி சரிபாருங்கள். ரப்பர் நசுங்கி இடம் கொடுப்பதால் இறுக்கம் குறைந்திருக்கும். மறுநாள் ஒரு முறை, முதல் மணல் ஓட்டத்துக்குப் பின் ஒரு முறை. அதன் பிறகும் ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் பார்ப்பதுதான் வழக்கம். இதற்குச் சலிப்பவர் பீட்லாக் வாங்கவே கூடாது.

உங்கள் ஊர் கடல்காற்றில் அலுமினியத்துக்குள் இருக்கும் இரும்பு போல்ட் பிடித்துக்கொள்ளும். வருடம் ஒரு முறையாவது பிரித்து, மரையைப் பிரஷ்ஷால் சுத்தம் செய்து, வளைந்ததையும் துருப்பிடித்ததையும் மாற்றிவிடுங்கள். மாற்றும்போது அதே தரம், அதே நீளம்.

கேள்வி: லாரி வீலில் வரும் லாக் ரிங்கும் இதுவும் ஒன்றா சார்? (டயர் கடை வைத்திருப்பவர், நாமக்கல்)

பதில்: இல்லை தம்பி. லாரியில் வளையம் ரிம்மின் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும், அதை அங்கேயே பிடித்து வைப்பது காற்றின் அழுத்தம். சரியாக உட்காராவிட்டால் காற்றடிக்கும்போதே பறக்கும். அதனால்தான் கூண்டுக்குள் வைத்து அடிக்கிறோம். பீட்லாக்கில் பிடிப்பவை போல்ட்டுகள். பெரிய ஆபத்து கழற்றும்போது. கூண்டு வைத்திருந்தால் இதற்கும் பயன்படுத்துங்கள், நஷ்டமில்லை.

கேள்வி: இதைப் போட்டுக்கொண்டு ரோட்டில் ஓட்டலாமா? (வாசகர், கோவை)

பதில்: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. டயர் அளவையும் மாற்றியிருந்தால் சிக்கல் கூடும், இன்சூரன்ஸ்காரரும் கேள்வி கேட்பார். எடை கூடிய இந்த வீலைப் பேலன்ஸ் செய்வதும் கஷ்டம், 80 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் ஆட ஆரம்பிக்கும். கம்பெனி வீலைத் தனியாக வைத்துக்கொண்டு, ஓட்டும் இடத்துக்குப் போய் மாற்றிக்கொள்ளுங்கள். ஜாக்கும் ஒரு பலகைத் துண்டும் இருந்தால் போதும்.