நடக்கிறீர்கள் சரி, சாப்பிடுகிறீர்களா?

கேள்வி: வயது 67, எடை 60 கிலோ, சைவம். காலையில் காபி குடித்துவிட்டு ஒரு மணி நேரம் நடக்கிறேன். எட்டு மாதத்தில் நான்கு கிலோ குறைந்திருக்கிறது, பார்க்கிறவர்கள் எல்லாம் பாராட்டுகிறார்கள். ஆனால் பஸ் படியில் கம்பியைப் பிடிக்காமல் ஏற முடியவில்லை. காலையில் மூன்று இட்லி, மதியம் சாதம், சாம்பார், ரசம், மோர், ராத்திரி இரண்டு தோசை. இதில் என்ன குறை?
*ஓய்வுபெற்ற ஆசிரியர், திண்டுக்கல்*

பதில்: சார், முதலில் ஒன்று. குறைக்க வேண்டும் என்று நினைக்காமலே எடை இறங்கியிருந்தால் டாக்டரிடம் சொல்லி சர்க்கரை, தைராய்டு எல்லாம் பார்த்துவிடுங்கள். அதில் ஒன்றும் இல்லை என்றால், குறைந்தது கொழுப்பு மட்டும் இல்லை, தசையும் சேர்ந்துதான் போயிருக்கும். அறுபதுக்கு மேல் தசை தானாகவே கரையும், அந்த நேரத்தில் நடையைக் கூட்டிவிட்டு சாப்பாட்டை அப்படியே விட்டால் இன்னும் வேகமாகக் கரையும்.

உங்கள் தட்டைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு இட்லியில் இரண்டு கிராம் புரதம் இருந்தால் பெரிது. மூன்று இட்லி, கொஞ்சம் சாம்பார், மதியச் சாப்பாடு, இரண்டு தோசை, இரண்டு வேளை காபிப் பால் எல்லாம் சேர்த்தாலும் 35 கிராமைச் சுற்றித்தான் வருகிறது. இந்தியாவில் பொதுவாகப் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு கிலோவுக்கு 0.83 கிராம். வயதானவர்களுக்கு, அதுவும் உடற்பயிற்சி செய்கிறவர்களுக்கு, 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்பதுதான் இப்போது நிபுணர்கள் பலரும் சொல்வது. அப்படிப் பார்த்தால் உங்களுக்கு 60 கிராமுக்குக் குறையக் கூடாது, அதாவது இப்போது சாப்பிடுவது பாதிக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம். வயதான உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக வரும் புரதத்தைத் தசை கட்ட எடுத்துக்கொள்ளத் தயங்கும், ஒரு வேளைக்கு இருபது கிராமாவது சேர்ந்தாற்போல வர வேண்டும். நம் வீடுகளில் காலைச் சாப்பாடும் ராத்திரிச் சாப்பாடும் முக்கால்வாசி மாவு என்பதால் அங்கேதான் கை வைக்க வேண்டியிருக்கிறது. காலையில் ஒரு இட்லியைக் குறைத்துக்கொண்டு ஒரு கிண்ணம் பாசிப்பயறு சுண்டல், ஒரு டம்ளர் பால் சேருங்கள் (பாலில் மட்டும் ஆறு கிராம்). மதியம் மோருக்குப் பதில் ஒரு கப் கெட்டித் தயிர், சாம்பாரில் தெளிவை ஊற்றிக்கொள்ளாமல் அடியில் இருக்கும் பருப்பு. ராத்திரி தோசைக்குப் பதில் அடை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் மீல் மேக்கர், காய்ந்ததாக 30 கிராம் எடுத்தால் 15 கிராம் புரதம், சைவத்தில் அதை அடிக்க வேறு எதுவும் இல்லை. பனீர் 50 கிராமுக்கு ஒன்பது கிராம் கிடைக்கும். முட்டை சாப்பிடும் சைவமாக இருந்தால் வேலை இன்னும் சுலபம், ஒன்றுக்கு ஆறு கிராம். நடந்து முடித்து அரை மணிக்குள் சாப்பிட்டே ஆக வேண்டும் என்று ஜிம் பையன்கள் சொல்வதைக் கேட்டு ஓட வேண்டாம், அன்றைய மூன்று வேளையும் ஒழுங்காக இருந்தால் போதும்.

அப்புறம், நடை இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது, தொடைத் தசைக்கு அது மட்டும் போதாது. வாரத்தில் இரண்டு நாளாவது நாற்காலியில் கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுந்து பழகுங்கள், முதலில் பக்கத்தில் சுவர் இருக்கட்டும். பஸ் படி ஏறத் தேவையான பலம் அதில்தான் வரும்.

கேள்வி: 63 வயது, பத்து வருடமாகச் சர்க்கரை. காலையில் கிளிமெபிரைடு மாத்திரை போட்டுவிட்டு வாக்கிங் போய் வந்துதான் டிபன். சில நாள் பாதி வழியில் கை நடுங்கி வேர்த்துக் கொட்டுகிறது.
*இல்லத்தரசி, திருச்சி*

பதில்: அம்மா, இதை நாளைக்கே நிறுத்துங்கள். மாத்திரையை இல்லை, மாத்திரைக்கும் டிபனுக்கும் நடுவில் நடப்பதை. கிளிமெபிரைடு மாதிரியான மாத்திரைகளும் இன்சுலினும் சாப்பாடு வந்தாலும் வராவிட்டாலும் சர்க்கரையை இறக்கும், நடை அதை இன்னும் இறக்கும். டிபன் முடித்துக் கொஞ்ச நேரம் கழித்து நடந்தால் சாப்பிட்டபின் ஏறும் சர்க்கரையும் அடங்கும். காலையில்தான் போக முடியும் என்றால் மாத்திரை நேரத்தை மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். கிளம்பும் முன் குளுக்கோமீட்டரில் 90-க்குக் கீழே காட்டினால் ஒரு சின்ன வாழைப்பழமாவது சாப்பிடாமல் வாசல் தாண்டாதீர்கள்.

நடுக்கம் வந்தால் உட்கார்ந்து மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள், பதினைந்து நிமிடம் கழித்துப் பாருங்கள், 70-ஐத் தாண்டவில்லை என்றால் இன்னொரு தடவை. சாக்லேட், லட்டு வேண்டாம், அதில் உள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். ஒரு பொட்டலம் சர்க்கரையும் தண்ணீர் பாட்டிலும் கையில் இல்லாமல் போகவே வேண்டாம். டாக்டரிடம் இந்த நடுக்கத்தைச் சொன்னீர்களா? பலர் சொல்வதில்லை, திட்டுவார் என்று பயம்.

கேள்வி: பார்க் வாசலில் விற்கும் அருகம்புல், வாழைத்தண்டு, பாகற்காய் ஜூஸ்கள் நடைக்குப் பிறகு நல்லதா?
*வாசகர், சென்னை*

பதில்: சுத்தமாகப் போட்டால் கெடுதல் இல்லை, பெரிய நன்மையும் இல்லை. வடிகட்டியதும் நார்ச்சத்து போய்விடுகிறது, புரதமோ கிட்டத்தட்ட கிடையாது. அதைக் குடித்துவிட்டு டிபனைத் தள்ளிப்போடுகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கோபம் வரும். சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் பாகற்காய் ஜூஸையும் சேர்த்தால் சர்க்கரை அளவுக்கு மேல் இறங்கலாம். நடை முடிந்து கூட்டமாகப் போய் பொங்கல் வடை சாப்பிடும் கோஷ்டிக்கும் ஒரு வார்த்தை: அரை மணி நடையில் 100, 120 கலோரி செலவாகும், ஒரு மெதுவடையிலேயே ஏறக்குறைய அது திரும்பி வந்துவிடும்.

கேள்வி: அம்மாவுக்கு 72. வெளிநாட்டிலிருந்து தம்பி புரோட்டீன் பவுடர் அனுப்பியிருக்கிறான். கிரியாட்டினின் கொஞ்சம் கூட என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது.
*வாசகி, கோவை*

பதில்: டப்பாவைத் திறக்காதீர்கள். கிரியாட்டினின் என்பது சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு, ரத்தத்தில் அது கூடினால் சிறுநீரகத்தைச் சந்தேகிக்க வேண்டும். சிறுநீரகம் பாதிக்கப்பட்டு டயாலிசிஸ் வரைக்கும் போகாதவர்களுக்குப் புரதத்தைக் கட்டுப்படுத்தச் சொல்வதுதான் வழக்கம், மேலே ஆசிரியருக்குச் சொன்னது உங்கள் அம்மாவுக்குப் பொருந்தாது. இளநீரில் பொட்டாசியம் அதிகம், அதையும் கேட்காமல் கொடுக்க வேண்டாம். சிறுநீரக மருத்துவர் அளவு சொல்லட்டும். சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்கு பவுடர் விஷம் ஒன்றும் இல்லை, ஆனால் லேபிளில் சர்க்கரை எவ்வளவு என்று பாருங்கள், சிலவற்றில் புரதத்தைவிட அதுதான் அதிகம்.

கேள்வி: முட்டி வலி. தினமும் ஆட்டுக்கால் சூப் குடித்தால் எலும்பு பலமாகுமா?
*வாசகர், நாகப்பட்டினம்*

பதில்: எலும்பிலிருந்து சூப்பில் இறங்கும் கால்சியம் மிகக் குறைவு, அதில் இருக்கும் ஜெலட்டினும் தசை கட்டுவதற்கு அவ்வளவு உதவாது. சூடாக, மிளகு போட்டு, ருசிக்காகக் குடியுங்கள், உப்பை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கால்சியத்துக்குக் கடற்கரை ஊரில் இருந்துகொண்டு ஆட்டுக்காலைத் தேடுவானேன்? முள்ளோடு மென்று சாப்பிடும் நெத்திலி இருக்கிறது, புரதமும் கூடவே வரும். மீன் இல்லாத நாளில் கேழ்வரகு, 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். வலி ஒரே முட்டியில் வீக்கத்தோடு இருந்தால் எலும்பு டாக்டரிடம் காட்டிவிட்டு அப்புறம் நடையைத் தொடருங்கள்.