வைத்த கவலை ஏன் திரும்ப வருகிறது? – கேள்வி பதில்

லெந்து என்கிற தவக்கால நாட்களில் எங்கள் சபையில், புதிய ஏற்பாட்டின் 1 பேதுரு நிருபம் ஐந்தாம் அதிகாரத்தை வைத்து மூன்று மாலை வேதபாடம் எடுத்தேன். அதன்பின் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் சபை ஐயர், அதாவது போதகர், இல்லை. பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவன். கேட்டவர்களின் பெயர், ஊர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன்.

கேள்வி: ஸ்தோத்திரம் ஐயா. எங்கள் வீட்டு ஹாலில் “உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்” என்ற வசனக் காலண்டர் தொங்குகிறது. தினமும் முழங்காலில் நின்று வைத்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன். அடுப்படிக்குப் போவதற்குள் எல்லாம் திரும்ப வந்துவிடுகிறது. எனக்கு விசுவாசம் குறைவா?

காலண்டர் அச்சடித்தவர்கள் பாதியை விட்டுவிட்டார்கள் அம்மா. அது 1 பேதுரு ஐந்தாம் அதிகாரத்தின் 7-ஆம் வசனம். அதற்கு முந்தின வசனத்தைப் பாருங்கள்: “ஆகையால், ஏற்றகாலத்திலே தேவன் உங்களை உயர்த்தும்படிக்கு, அவருடைய பலத்த கைக்குள் அடங்கியிருங்கள்.” நம் தமிழ் வேதாகமத்தில் இவை இரண்டு வாக்கியங்கள். கிரேக்க மூலத்தில் இரண்டும் ஒரே வாக்கியம். ‘அடங்கியிருங்கள்’ என்பதுதான் அங்கே முற்று. ‘வைத்துவிடுங்கள்’ என்று நாம் படிப்பது எச்சம். வாத்தியார் பாஷையில் சொன்னால், “கவலையை அவர்மேல் போட்டு அடங்கியிருங்கள்.” எப்படி அடங்குவது என்று கேட்டால், கவலையைப் போடுவதுதான் அடங்குவது.

இது தெரிந்தபின் என் ஜெபமே மாறிப்போனது. மகளுக்கு எந்த மாசம் கல்யாணம் நடக்கவேண்டும், மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்லவேண்டும், கடன் எப்போது அடையவேண்டும் என்று நானே தேதி குறித்து வைத்திருப்பேன். அந்தத் தேதிப்படி நடத்தித் தாரும் என்பதுதான் என் ஜெபமாக இருந்தது. சுமையை இறக்கிய மாதிரி இருக்கும், ஆனால் சும்மாடு தலையிலேயே இருக்கும். சும்மாடு இருந்தால் யாராவது தூக்கி வைக்கத்தானே செய்வார்கள்?

‘போடுதல்’ என்கிற அந்தக் கிரேக்க வினை புதிய ஏற்பாட்டில் இன்னும் ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது: லூக்கா 19:35, சீஷர்கள் கழுதைக்குட்டியின்மேல் தங்கள் வஸ்திரங்களைப் போடுகிற இடம். போட்ட துணியின் நுனியை ஒரு கையில் பிடித்துக்கொண்டே யாரும் கூட நடந்ததாக லூக்கா எழுதவில்லை! அடுப்படியில் கவலை வந்தால் அங்கேயே நின்று, இன்ன காரியம் என்று பெயர் சொல்லி மறுபடி போடுங்கள். பத்துத் தடவை வந்தால் பத்துத் தடவை. நாளாக நாளாகக் குறையும். எனக்கு அடியோடு நின்றதா என்றால், இல்லை.

கேள்வி: நான் ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிறேன். நான் செய்த வேலையை என் மேலதிகாரி தன் வேலையாகக் காட்டிக்கொள்கிறார். தாழ்மையாக இரு என்று அம்மா சொல்கிறார்கள். இருந்தால் மிதித்துவிட்டுப் போகிறார்கள். என்ன செய்ய?

தாழ்மை என்றால் வாயை மூடிக்கொள்வது என்று யார் சொன்னது தம்பி? பிரதான ஆசாரியன் வீட்டில் சேவகன் ஒருவன் இயேசுவை அறைந்தபோது, தகுதியாய்ப் பேசின என்னை ஏன் அடிக்கிறாய் என்று அவர் நேராகவே கேட்டார் (யோவான் 18:23). அப்போஸ்தலன் பவுலை எடுத்துக்கொள்ளுங்கள். பிலிப்பி பட்டணத்தில் விசாரணையே இல்லாமல் அடித்து உள்ளே போட்டார்கள். விடிந்ததும், சத்தமில்லாமல் போய்விடுங்கள் என்று ஆள் அனுப்பினார்கள். அவர் போகவில்லை. நாங்கள் ரோமர்கள், அடித்தவர்களே நேரில் வந்து எங்களை வெளியே கொண்டுபோய் விடட்டும் என்று உட்கார்ந்துவிட்டார். வந்து கெஞ்சித்தான் அனுப்பினார்கள். அதே பிலிப்பி சபைக்குத்தான், பிற்பாடு விலங்கோடு இருந்த நாட்களில், “நீங்கள் ஒன்றுக்குங் கவலைப்படாமல்” என்று எழுதினார்.

ஆகவே செய்த வேலையைத் தேதி போட்டு மெயிலில் பதிவு செய்து வையுங்கள். ஒரு தடவை தெளிவாக, கோபமில்லாமல் பேசுங்கள். பேசியபின் ராத்திரி படுக்கையில் அந்த ஆளோடு மனசுக்குள் நடத்துகிற வாதத்தை மட்டும் விட்டுவிடுங்கள். தூக்கத்தைக் கெடுப்பது அதுதான். எல்லாரும் ‘அவனுக்குச் சரியான பதிலடி’ என்று மெச்சவேண்டும் என்கிற ஆசை அதற்குள் ஒளிந்திருக்கும். எனக்கு இருந்தது.

கேள்வி: கணவர் குடித்துவிட்டு அடிக்கிறார். தாழ்மையோடு பொறுத்துக்கொள், சமாதானம் வரும் என்று சபையில் சொல்கிறார்கள்.

பொறுத்துக்கொள்ளாதீர்கள் அம்மா. சவுல் ராஜா ஈட்டியை எறிந்தபோது தாவீது விலகி, அன்று ராத்திரியே ஓடித் தப்பினார். அவரைத் தாழ்மையில்லாதவர் என்று யாரும் சொன்னதில்லை. முதலில் பத்திரமான இடத்துக்குப் போங்கள். பெண்கள் உதவி எண் 181. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005-லிருந்து இருக்கிறது. உங்களுக்கு அப்படி ஆலோசனை சொன்னவர்கள் வேதத்தை எடுத்து உங்கள்மேல் வீசியிருக்கிறார்கள் என்றுதான் நான் சொல்வேன்.

கேள்வி: மகன் இரண்டாம் தடவையும் நீட் எழுதி சீட் கிடைக்கவில்லை. குடும்பமாக உபவாசம் இருந்தோம். நம்பினவர்களைக் கர்த்தர் ஏன் இப்படிக் கைவிடுகிறார்?

131-ஆம் சங்கீதத்தை இன்றைக்கு ஒருதடவை வாசியுங்கள் ஐயா. மூன்றே வசனம். எருசலேமுக்குப் பண்டிகைக்கு ஏறிப்போகிறவர்கள் பாடிய 15 ஆரோகண சங்கீதங்களில் ஒன்று. அதில், “தாயின் பால்மறந்த குழந்தையைப்போல நான் என் ஆத்துமாவை அடக்கி அமரப்பண்ணினேன்” என்று வருகிறது. பலர் இதைப் பால் குடித்துவிட்டு மடியில் தூங்குகிற கைக்குழந்தை என்று நினைக்கிறார்கள். இது பால் மறக்கடிக்கப்பட்ட பிள்ளை.

என் தங்கைக்குப் பால் மறக்கடித்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்போது எனக்கு ஏழு வயசு. அம்மா வேப்பிலையை அம்மியில் அரைத்து மார்பில் தடவிக்கொண்டாள். தங்கை ஆசையாக வாய் வைத்தாள், முகம் கோணியது, அம்மாவின் கன்னத்தில் பளாரென்று ஒரு அடி. நாலைந்து ராத்திரி வீட்டில் யாரும் தூங்கவில்லை. பாட்டி தூக்கினாலும் அடங்கவில்லை. அந்தப் பிள்ளையைக் கேட்டிருந்தால், அம்மா என்னைக் கைவிட்டுவிட்டாள் என்றுதான் சொல்லியிருக்கும். பத்து நாள் கழித்துப் பார்த்தால் அதே மடி. அம்மாவின் தாலிச் சரட்டை விரலில் சுற்றிக்கொண்டு சும்மா சாய்ந்து கிடந்தாள். பால் கேட்கவில்லை, அம்மா போதும் என்று இருந்தாள். ஈசாக்கு பால் மறந்த நாளில் ஆபிரகாம் பெரிய விருந்து செய்தார் என்று ஆதியாகமம் 21-இல் இருக்கிறது. வீட்டார் கொண்டாடுகிற நாள், பிள்ளைக்கு எவ்வளவு கசப்பாக இருந்திருக்கும்!

உங்கள் மகனுக்கு சீட் கிடைக்காத காரணம் இதுதான் என்று சொல்ல எனக்கு அதிகாரமில்லை. “எனக்கு மிஞ்சின கருமங்களிலும் நான் தலையிடுகிறதுமில்லை” என்று அதே சங்கீதம் என் வாயையும் அடைக்கிறது. அந்த நாலைந்து ராத்திரி அழுகை உங்களுக்கும் உண்டு, அழுங்கள். அப்புறம் ஒரு காரியம். மகனுக்கு டாக்டர் ஆக விருப்பமா, இல்லை அது உங்கள் விருப்பமா? அவனிடம் கேட்டீர்களா?

கேள்வி: பதற்றத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். கர்த்தரை நம்பினால் இது எதற்கு என்று செல் குரூப்பில் (வீட்டு ஜெபக் குழுவில்) கேட்கிறார்கள்.

சாப்பிடுங்கள். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின்கீழ் படுத்துக்கொண்டு சாகவேண்டும் என்று கேட்டபோது தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், தூங்கவிட்டான், எழுப்பி இன்னொரு தடவை சாப்பிடச் சொன்னான். எனக்குச் சரீரம் உண்டு, மூளையும் சரீரம்தான் என்று ஒப்புக்கொள்வதும் தாழ்மையே. ராத்திரி நேரத்தில் யாரிடமாவது பேசவேண்டும் போலிருந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416.

கேள்வி: நான் கத்தோலிக்கப் பெண். எங்கள் கோயிலில் ‘தாழ்ச்சி’ என்போம். தாழ்ச்சியாக இருக்கிறேன் என்கிற பெருமை எனக்குள் வருகிறது. அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

தாழ்ச்சி நல்ல சொல், எனக்குப் பிடிக்கும். கண்டுபிடிக்கிற வழியை என் கதையாகவே சொல்கிறேன். சபைக் கமிட்டித் தேர்தலில் நான் தோற்ற வருஷம். எனக்கு வருத்தமே இல்லை, கர்த்தருடைய சித்தம் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இரண்டு மாசத்தில் அறுப்பின் பண்டிகை வந்தது. காணிக்கையாக வந்த பொருள்களை ஏலம் விட்டார்கள், அதில் ஒரு பூசணிக்காய். என்னை ஜெயித்தவர் ஐந்நூறு என்றார். நான் அறுநூறு என்றேன். அப்படியே ஏறி 3,200 ரூபாய்க்கு எடுத்துவிட்டேன். ஆலயமே கைதட்டியது. கர்த்தருக்கு மகிமை என்று மைக்கில் வேறு சொன்னேன்.

ஸ்கூட்டரில் காலுக்கிடையில் அதை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால், மனைவி கேட்டாள்: “இது யாரை ஜெயிக்க வாங்கினது?” ஒரு வாரம் பூசணிக்காய்க் கூட்டு. ஒவ்வொரு வாய்க்கும் எனக்குப் பாவசங்கீர்த்தனம்தான். உங்களுக்கு நெருக்கமான ஒருவரிடம் கேளுங்கள் அம்மா, அவர்களுக்குத் தெரிந்திருக்கும். உள்ளே தோண்டித் தோண்டிப் பார்ப்பதில் அதிகப் பிரயோஜனம் இல்லை. அதுவும் தன்னைப் பற்றிய நினைப்புத்தானே.

கேள்வி: அம்மா மூன்று வருஷமாகப் படுக்கையில் இருக்கிறார்கள். எத்தனையோ பேருக்கு உழைத்தவர்கள். இப்போது யாருக்கும் பிரயோஜனமில்லை என்று அழுகிறார்கள்.

அம்மாவுக்கு டோனாவூர் மிஷனரி ஏமி கார்மைக்கேல் கதையைச் சொல்லுங்கள். அயர்லாந்தில் 1867-இல் பிறந்தவர். நம் திருநெல்வேலிச் சீமையில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வளர்த்து, ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தவர். 1931-இல் களக்காட்டில் இருட்டில் ஒரு குழிக்குள் விழுந்து கால் ஒடிந்தது. அதற்குப்பின் 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் தன் அறைக்குள்ளேயே இருந்தார். வலி போகவில்லை. அங்கிருந்தே புத்தகங்கள் எழுதினார், பிள்ளைகளுக்குச் சீட்டு எழுதி அனுப்பினார். உங்கள் அம்மா எழுதவேண்டாம். பேரப்பிள்ளைகள் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி ஜெபித்தால் போதும், பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் ஆமென் சொல்லுங்கள்.

தன் கல்லறைமேல் கல் வைக்கவேண்டாம் என்று ஏமி சொல்லியிருந்தார். பிள்ளைகள் பறவைகளுக்குத் தண்ணீர் வைக்கிற ஒரு கல்தொட்டியை அங்கே வைத்தார்கள். அதில் ‘அம்மாய்’ என்ற ஒரு சொல் இருக்கிறது.